‘போர்டு செத்துப்போச்சு’ என்று சொல்வதற்கு முன்னால்...

– மூன்றாம் ஆண்டு மாணவர், மின்னணு மற்றும் தொடர்பியல் துறை



ஆறாவது செமஸ்டரில் புராஜெக்ட் ரிவ்யூ நெருங்க நெருங்க லேபில் அடிக்கடி கேட்கும் வசனம் ஒன்று உண்டு: “போர்டு செத்துப்போச்சுடா!” நாலு பேர் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு வாங்கிய ஒற்றைப் பலகைக் கணிப்பொறி அது. பவர் கொடுத்தால் விளக்கு எரிகிறது. மானிட்டரில் மட்டும் ஒன்றுமே வரவில்லை. உடனே ஒருவன் கார்டை அழித்து மறுபடி எழுதுகிறான். இன்னொருவன் அடாப்டரை மாற்றுகிறான். மூன்றாமவன், “வேற போர்டுக்குப் பணம் அனுப்புங்கப்பா” என்று வீட்டுக்குப் போன் போடப் போகிறான். இந்தக் கட்டுரை முக்கியமாக அந்த மூன்றாமவனுக்குத்தான்.

பெரும்பாலும் போர்டு சாகவில்லை. மானிட்டரில் படம் வருவது பூட் ஆகும் வேலையில் கிட்டத்தட்ட கடைசிக் கட்டம். அதற்கு முன்னால் நடக்கும் பல காரியங்களை போர்டு மூன்று கம்பி வழியாக எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டே வருகிறது. அதுதான் சீரியல் கன்சோல். அதில் கடைசியாக வந்த வரி எது என்று பாருங்கள். கோளாறு அந்த வரிக்கு அடுத்த படியில் இருக்கிறது. எதையும் அழிப்பதற்கும் மாற்றுவதற்கும் முன்னால் அந்தக் கடைசி வரியைப் படித்துவிட வேண்டும்.

உதாரணத்துக்கு 2013-இல் வெளிவந்த பீகிள்போன் பிளாக் போர்டை எடுத்துக்கொள்கிறேன். டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் ஏ.எம்.335எக்ஸ் வகைப் பிராசஸர், 512 எம்.பி. நினைவகம், போர்டிலேயே பற்றவைத்த இ.எம்.எம்.சி. சேமிப்பகம், அதுபோக மைக்ரோ எஸ்.டி. கார்டுக்கு ஓர் இடம். நம்மில் அதிகம் பேரிடம் இருப்பது ராஸ்பெரி பைதான் என்றாலும், பூட் ஆகும் படிகளைப் பிரித்துப் பார்க்க இந்த போர்டு வசதியானது.

மூன்று கம்பி

8051 கிட்டைக் கம்ப்யூட்டருடன் இணைக்க நடுவில் மேக்ஸ்232 ஐ.சி. போட்டது நினைவிருக்கும். கம்ப்யூட்டரின் பழைய 9 பின் போர்ட்டில் பிளஸ் 12, மைனஸ் 12 வோல்ட் வரை ஆடும். நம் போர்டின் சீரியல் பின்களோ வெறும் 3.3 வோல்ட். அந்த 9 பின் கேபிளை இங்கே நேராகக் கொடுத்தால் போர்டு நிஜமாகவே செத்துப்போகும்! வாங்க வேண்டியது யு.எஸ்.பி.-டி.டி.எல். கன்வெர்ட்டர். அதில் 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று மாற்றும் ஜம்பர் இருந்தால் 3.3-இல் வையுங்கள்.

பீகிள்போனில் ஜே1 என்ற 6 பின் ஹெடர் இருக்கிறது. 1-ஆம் பின் கிரவுண்டு, 4-ஆம் பின் போர்டு கேட்பது, 5-ஆம் பின் போர்டு பேசுவது. மற்ற மூன்றும் சும்மா. கன்வெர்ட்டர் பேசுவதை போர்டு கேட்க வேண்டும், போர்டு பேசுவதை கன்வெர்ட்டர் கேட்க வேண்டும். ஆகவே டி.எக்ஸ்., ஆர்.எக்ஸ். இரண்டையும் குறுக்காக மாற்றி இணைக்க வேண்டும். கன்வெர்ட்டரின் சப்ளை கம்பியை எங்கேயும் இணைக்காதீர்கள். போர்டுக்கு அதன் சொந்த சப்ளை போதும்.

வேகம் 115200 பாட், 8 டேட்டா பிட், பாரிட்டி கிடையாது, 1 ஸ்டாப் பிட். ஸ்டார்ட் பிட்டையும் சேர்த்து ஓர் எழுத்துக்கு 10 பிட். எனவே நொடிக்கு 11,520 எழுத்து. ஒரு பிட்டுக்கு 8.7 மைக்ரோ செகண்டுக்குக் கொஞ்சம் குறைவு. வேகத்தைத் தப்பாக வைத்தால் திரையில் கோணல்மாணலாகக் குப்பை எழுத்துகள் வரும். குப்பை வந்தால் சந்தோஷப்படுங்கள். கம்பி சரி, போர்டு பேசுகிறது, வேகம்தான் தப்பு என்று தெரிந்துவிட்டதே!

மினிகாம் உபயோகிப்பவர்களுக்கு ஒன்று. அதில் ஹார்ட்வேர் ஃப்ளோ கன்ட்ரோல் வழக்கமாக ‘ஆன்’ நிலையில் இருக்கும். நம்மிடம் மூன்றே கம்பி. அதனால் போர்டு சொல்வது திரையில் தெரியும், நாம் அடிப்பது மட்டும் போகாது. கீபோர்டைத் தட்டித் தட்டிப் பார்த்து போர்டைத் திட்டாமல் அந்த அமைப்பை ‘ஆஃப்’ செய்யுங்கள்.

ஒன்றுமே வரவில்லையா? முதலில் கன்வெர்ட்டரைச் சோதியுங்கள். போர்டிலிருந்து கழற்றி, அதன் டி.எக்ஸ்., ஆர்.எக்ஸ். இரண்டையும் ஒரு கம்பியால் சேர்த்துவிட்டு ஏதாவது தட்டினால், தட்டிய எழுத்தே திரும்பி வரவேண்டும். வந்தால் குற்றம் இந்தப் பக்கம் இல்லை.

ஏன் இத்தனை படிகள்?

பவர் வந்ததும் பிராசஸருக்குள் தொழிற்சாலையிலேயே பதித்த ரோம் புரோகிராம் ஓடுகிறது. எந்த போர்டில் எந்த ரேம் சில்லு வைத்திருக்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது. எனவே வெளியே இருக்கும் 512 எம்.பி.யை அதனால் தொடவே முடியாது. பிராசஸருக்கு உள்ளேயே இருக்கும் சிறிய ரேமில் அடங்கும்படி ஒரு குட்டி லோடரைத்தான் கொண்டுவரும். அதன் பெயர் எஸ்.பி.எல். வெளி ரேமை எழுப்புவது அந்தக் குட்டியின் வேலை. ரேம் எழுந்தபின் பெரிய லோடரான யூ-பூட் வரும். அது லினக்ஸ் கெர்னலையும், போர்டில் என்னென்ன எங்கே இருக்கிறது என்று சொல்லும் டிவைஸ் ட்ரீ கோப்பையும் ரேமில் ஏற்றும். கெர்னல் எழுந்து, ரூட் பார்ட்டிஷனைத் தேடிப் பிடித்தால்தான் லாகின்.

ரோம் பொதுவாக வாய் திறக்காது. ஒரே ஒரு சமயத்தில் மட்டும் திறக்கும். இ.எம்.எம்.சி.யில் தேடி, எஸ்.டி. கார்டில் தேடி, இரண்டிலும் லோடர் கிடைக்காவிட்டால், ‘சீரியல் வழியாகவாவது அனுப்புங்களேன்’ என்று ஆங்கில ‘சி’ எழுத்தை வரிசையாக அனுப்பிக்கொண்டே இருக்கும். 1977-இல் வார்ட் கிறிஸ்டென்சன் எழுதிய எக்ஸ்மோடம் முறையின் பிற்கால வடிவத்தில் ‘நான் தயார், அனுப்பு’ என்பதற்கு அந்த எழுத்துதான் அடையாளம். திரை முழுக்க சிசிசிசி என்று ஓடுவதைப் பார்த்து நம் பையன்கள் பயந்துபோகிறார்கள். எனக்கு அது நல்ல செய்தி. பிராசஸர், கிரிஸ்டல், பவர், சீரியல் எல்லாம் சரி. கார்டு சரியாக எழுதப்படவில்லை அல்லது சரியாகச் செருகப்படவில்லை, அவ்வளவுதான்.

பழைய லோடர் செய்யும் வேலை

எங்கள் வகுப்பில் ஒரு பேட்ச் பழைய பீகிள்போன் ஒன்றைக் கைமாற்றாக வாங்கியது. ரிவ்யூவுக்கு ஆறு நாள். புதிய டெபியனை எஸ்.டி. கார்டில் எழுதிப் போட்டார்கள், எழவில்லை. கார்டை மூன்று தடவை அழித்து எழுதினார்கள். வேறு கார்டும் வாங்கினார்கள். கடைசியில் கன்சோலை இணைத்தபோது முதல் வரியிலேயே விடை இருந்தது: “யூ-பூட் எஸ்.பி.எல். 2013.04”. புத்தம்புது கார்டிலிருந்து 2013-ஆம் வருட லோடர் எப்படி வரும்?

வரவில்லை. ரோம் முதலில் பார்ப்பது இ.எம்.எம்.சி.யைத்தான் என்று மேலே பார்த்தோம். அங்கே இருந்த லினக்ஸை யாரோ அழித்திருந்தார்கள், லோடர் மட்டும் மிச்சம். அந்தப் பழைய லோடர் எழுந்து, தனக்குத் தெரிந்த பழைய முறைப்படி எஸ்.டி. கார்டில் ஃபாட் பார்ட்டிஷனைத் தேடியது. புதிய டெபியன் கார்டில் ஃபாட் இல்லை, இ.எக்ஸ்.டி.4 தான். ‘எம்.எம்.சி. 0:1-இல் ஃபாட்லோட் செய்ய முடியவில்லை’ என்ற கருத்தில் ஒரு வரியைச் சொல்லிவிட்டு ‘யூ-பூட்#’ என்று நின்றுவிட்டது. கார்டு மூன்று தடவையும் சரியாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது!

பரிகாரம் சுலபம். எஸ்2 பட்டனை அழுத்திப் பிடித்தபடி பவர் கொடுத்தால் ரோம் இ.எம்.எம்.சி. பக்கம் போகாமல் கார்டுக்குப் போகும். கவனிக்க வேண்டியது, அந்தப் பட்டனின் நிலை பவர் வரும் கணத்தில் மட்டுமே படிக்கப்படுகிறது. ரீசெட் பட்டனை அமுக்கினால் பயன் இல்லை, சப்ளையையே பிடுங்கிச் செருக வேண்டும். அப்படிச் செய்ததும் முதல் வரியில் புதிய வருடம் வந்தது, லாகினும் வந்தது. பிறகு கார்டிலிருந்து இயங்கியபடியே இ.எம்.எம்.சி.யின் முதல் 10 எம்.பி.யைச் சுழியத்தால் நிரப்பினார்கள். அதன்பின் பட்டன் இல்லாமலே கார்டிலிருந்து எழுந்தது. (இதில் இ.எம்.எம்.சி.யின் பார்ட்டிஷன் விவரமும் போய்விடும். எது கார்டு, எது இ.எம்.எம்.சி. என்று கொள்ளளவைப் பார்த்து இரண்டு தடவை உறுதி செய்தபிறகே எண்டர் தட்டுங்கள்.)

கெர்னல் மௌனம்

மிகவும் குழப்பும் இடம் இது. “ஸ்டார்ட்டிங் கெர்னல்...” என்று வரும். அப்புறம் சத்தமே இருக்காது. உடனே ‘கெர்னல் ஹேங்’ என்று முடிவு கட்டாதீர்கள். அது வேறு பெயருள்ள போர்ட்டில் பேசிக்கொண்டிருக்கலாம். பழைய கெர்னல்களில் இந்த போர்டின் கன்சோல் பெயர் டி.டி.ஒய்.ஓ.0. நடுவில் இருப்பது ஆங்கில எழுத்து ‘ஓ’, கடைசியில் பூஜ்யம். புதிய கெர்னல்களில் அது டி.டி.ஒய்.எஸ்.0 ஆகிவிட்டது. பழைய வரியை அப்படியே காப்பி அடித்தால் கெர்னல் ஒழுங்காக ஓடும், நமக்குத்தான் ஒன்றும் கேட்காது. சந்தேகம் இருந்தால் போர்டின் நீல விளக்குகளில் முதலாவதைப் பாருங்கள். இதயத்துடிப்பு போல ‘லப்-டப்’ என்று இரண்டிரண்டாக மின்னினால் கெர்னல் உயிரோடு இருக்கிறது. அதுவும் இல்லையென்றால் டிவைஸ் ட்ரீ கோப்பு இந்த போர்டுக்கு உரியதுதானா என்று பார்க்க வேண்டும்.

கெர்னல் நிறையப் பேசிவிட்டு ரூட்டை மவுண்ட் செய்ய முடியவில்லை என்று பேனிக் ஆனால், அந்த வரியில் அடைப்புக்குறிக்குள் வரும் இரண்டு எண்களைப் பாருங்கள். 179 என்பது எம்.எம்.சி. வகைச் சாதனத்துக்கு லினக்ஸ் கொடுத்த எண். (179,2) என்றால் கார்டும் இரண்டாவது பார்ட்டிஷனும் தெரிகின்றன, உள்ளே இருக்கும் கோப்பு முறைதான் படிக்கவில்லை. (0,0) என்றால் நீங்கள் கொடுத்த பெயரில் ஒரு சாதனமே அதற்குத் தெரியவில்லை. முதலாவதில் பார்ட்டிஷனைப் பழுது பார்க்க வேண்டும், இரண்டாவதில் பூட் வரியில் இருக்கும் பெயரைத் திருத்த வேண்டும். சில கெர்னல்களில் கார்டு செருகியிருந்தால் இ.எம்.எம்.சி.க்கு ஓர் எண், செருகாவிட்டால் வேறோர் எண். அதனால்தான் பெயருக்குப் பதில் யு.யு.ஐ.டி. கொடுப்பது நல்லது.

திரும்பத் திரும்ப அதே முதல் வரி

லாகில் எஸ்.பி.எல். வரி மறுபடி மறுபடி வருகிறதா? கெர்னல் பாதியில், ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு இடத்தில் அறுந்து, முதலிலிருந்து ஆரம்பிக்கிறதா? கார்டைத் தொடாதீர்கள், முதலில் மல்டிமீட்டரை எடுங்கள். பி9 ஹெடரில் 1-ஆம் பின் கிரவுண்டு, 7-ஆம் பின் 5 வோல்ட். பூட் ஆகும்போதே அளந்து, வோல்டேஜ் இறங்குகிறதா பாருங்கள். கம்ப்யூட்டரின் யு.எஸ்.பி. போர்ட்டில் ஓட்டிக்கொண்டு வைஃபை, கேமரா எல்லாம் மாட்டினால் இறங்கத்தான் செய்யும். மெல்லிய மலிவு கேபிளும் அதே வேலையைச் செய்யும்.

இன்னொரு வேடிக்கை. ரவுட்டரின் 12 வோல்ட் அடாப்டரும் இந்த போர்டின் துளையில் அழகாகப் பொருந்தக்கூடும். பீகிள்போன் பிளாக்கில் அதிக வோல்டேஜைத் தடுக்கும் ஐ.சி. உண்டு. பவர் விளக்குகூட எரியாமல் போர்டு சும்மா இருந்துவிடும். சரியான 5 வோல்ட் கொடுத்தால் எழுந்துவிடும். எல்லா போர்டுக்கும் இந்தப் பாதுகாப்பு இல்லை என்பதால் பரீட்சித்துப் பார்க்க வேண்டாம்!

ராஸ்பெரி பை வைத்திருப்போருக்கு

40 பின் ஹெடரில் 6 கிரவுண்டு, 8 பேசுவது, 10 கேட்பது. கார்டில் இருக்கும் கான்ஃபிக் கோப்பில் ‘எனேபிள் யுவார்ட்’ என்பதை 1 ஆக்க வேண்டும். பையில் முதலில் விழிப்பது கிராபிக்ஸ் பகுதி. அது வழக்கமாக சீரியலில் பேசாது, பச்சை விளக்கால் பேசும். 4 சிமிட்டல் என்றால் ஸ்டார்ட் கோப்பு இல்லை, 7 என்றால் கெர்னல் கோப்பு இல்லை. 2019-இல் வந்த பை 4-லிருந்து லோடரை போர்டிலேயே ஈ.ஈ.பிராமில் வைத்துவிட்டார்கள். அதன் அமைப்பில் ‘பூட் யுவார்ட்’ என்பதை 1 ஆக்கினால் அந்த முதல் கட்டமும் சீரியலில் பேச ஆரம்பிக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். போர்டு நல்ல நிலையில் எழும்போதே ஒரு முழு லாகைக் கோப்பாகச் சேமித்துவிடுங்கள். பின்னால் மக்கர் செய்யும்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த வரியில் பிரிகிறது என்று பார்த்தால் பாதி வேலை முடிந்தது. புராஜெக்ட் ரிப்போர்ட்டின் பின்னிணைப்பிலும் அதைச் சேர்த்துவிட்டால், அடுத்த வருஷம் அதே போர்டை எடுத்து உட்காரும் ஜூனியர்களுக்கும் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று இருக்கும்.