காதேஸ்பர்னேயாவில் தவறிய வாய்ப்பு

அன்புள்ள தம்பிக்கு,

ஓரேபிலிருந்து காதேஸ்பர்னேயாவுக்கு 11 நாள் நடைவழி என்று உபாகமம் தன் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. எகிப்தை விட்டுப் புறப்பட்ட இஸ்ரவேலர், ஓரேபில், அதாவது சீனாய் மலையடியில், ஏறக்குறைய ஓராண்டு தங்கிய பின் காதேசுக்கு வந்து சேர்ந்தார்கள். கானானின் தென் எல்லை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் காதேசிலிருந்து கிளம்பி சேரேத் ஆற்றைக் கடக்க 38 ஆண்டுகள் ஆயின. இந்தத் தாமதத்துக்கு நிலமோ பகைவரோ காரணமல்ல என்பதை எண்ணாகமம் 13, 14 அதிகாரங்கள் விளக்குகின்றன.

கோத்திரத்துக்கு ஒருவராக 12 பேர் வேவு பார்க்க அனுப்பப்பட்டார்கள். 40 நாள் நாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, எஸ்கோல் பள்ளத்தாக்கில் அறுத்த ஒரே திராட்சைக்குலையை இருவர் தடியில் கட்டிச் சுமக்க, மாதுளையும் அத்திப்பழமுமாகத் திரும்பினார்கள். நாடு செழிப்பானதுதான், ஆனால் பட்டணங்கள் அரணானவை, எபிரோனில் ஏனாக்கின் வம்சத்தார் இருக்கிறார்கள் என்றார்கள். இதுவரை ஒரு சொல்லும் பொய்யில்லை. அந்தப் 12 பேரில் காலேபும் யோசுவாவும் பார்த்தது அதே மதில்களை, அதே நெட்டை மனிதர்களைத்தான். மற்ற 10 பேரும் தங்களை அந்த மனிதர்களோடு ஒப்பிட்டு, வெட்டுக்கிளிகளைப் போல உணர்ந்தார்கள். காலேபும் யோசுவாவும் அந்த மனிதர்களைத் தேவனோடு ஒப்பிட்டார்கள். அவிசுவாசம் பெரும்பாலும் தகவல் குறைவால் வருவதில்லை. செங்கடல் பிளந்ததைக் கண்ணால் கண்ட தலைமுறை இது.

இரவெல்லாம் அழுகை. வனாந்தரத்திலேயே செத்திருக்கலாம் என்றார்கள், பிள்ளைகள் கொள்ளையாகிவிடுவார்கள் என்றார்கள், வேறொரு தலைவனை வைத்துக்கொண்டு எகிப்துக்கே திரும்பலாம் என்றும் பேசினார்கள். எதிர்த்துப் பேசிய இருவரையும் கல்லெறியத் துணிந்தார்கள். அவநம்பிக்கை மனதோடு நிற்காமல் ஒரே இரவில் கலகமாக மாறியது.

மோசே மன்றாடினார், தேவன் மன்னித்தார். அவசரமாக வாசிப்பவர் பலர் இந்த இடத்தைக் கவனிப்பதில்லை. மன்னிப்பு அறிவித்த அதே மூச்சில் தீர்ப்பும் வருகிறது. மக்கள் அழிக்கப்படவில்லை, உடன்படிக்கை முறியவில்லை, மன்னாவும் நிற்கவில்லை. ஆனாலும் 20 வயதும் அதற்கு மேலும் ஆகி, தொகையெடுப்பில் எண்ணப்பட்டவர்கள் அந்த நாட்டைக் காணமாட்டார்கள். வேவு பார்த்த ஒவ்வொரு நாளுக்கும் ஓர் ஆண்டாக 40 ஆண்டுகள் கணக்கிடப்பட்டன. தீர்ப்பு அவர்கள் வாயிலிருந்தே எடுக்கப்பட்டது: வனாந்தரத்தில் சாக விரும்பியவர்களுக்கு வனாந்தரமே கிடைத்தது, கொள்ளையாவார்கள் என்று அழப்பட்ட பிள்ளைகளுக்கு நாடு கிடைத்தது. அந்தப் பிள்ளைகளும் தப்பிவிடவில்லை. பெற்றோரின் பிடிவாதத்துக்காக அவர்களுடைய இளமை மணலில் கழிந்தது. தவறான செய்தி பரப்பிய 10 பேரும் வாதையால் உடனே மாண்டார்கள்.

மறுநாள் காலையில் நடந்தது இன்னும் விசித்திரம். இப்போது போகிறோம் என்று ஜனங்கள் மலை ஏறினார்கள். போகவேண்டாம் என்று மோசே தடுத்தும் கேட்கவில்லை. உடன்படிக்கைப் பெட்டி பாளயத்தை விட்டு நகரவில்லை. அமலேக்கியரும் கானானியரும் இறங்கிவந்து ஓர்மாவரை அவர்களை முறியடித்தார்கள். முந்தின நாள் போகச் சொன்னபோது போகாததும், இன்று போகாதே என்றபோது போனதும் ஒரே குணம்தான், வீரம் என்ற பெயர் அதற்குப் பொருந்தாது.

முதல் தொகையெடுப்பில் 6,03,550 பேர். மோவாப் சமவெளியில் எடுத்த இரண்டாவதில் 6,01,730 பேர். எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லை, ஆட்கள்தான் மாறிவிட்டார்கள். பழைய பட்டியலில் எஞ்சியவர்கள் காலேபும் யோசுவாவும் மட்டுமே. மோசேயும் ஆரோனும்கூட, மேரிபாவின் தண்ணீரண்டையில் தேவனை விசுவாசிக்காததால், கானானுக்குள் போகவில்லை. பதவி விதிவிலக்கு தரவில்லை. காலேப் 85 வயதில் யோசுவாவிடம் வந்து, ஏனாக்கியர் வாழ்ந்த எபிரோன் மலைநாட்டையே பங்காகக் கேட்டு வாங்கினார். அகீமான், சேசாய், தல்மாய் என்ற ஏனாக்கின் புத்திரர் மூவரையும் அங்கிருந்து துரத்தியவரும் அவரே.

பிற்காலத்தில் 95ஆம் சங்கீதம் இந்த வனாந்தரத் தலைமுறையை நினைவூட்டி ஆராதனைக்கு வந்தவர்களை எச்சரித்தது. எபிரெயர் நிருபம் 3, 4 அதிகாரங்களில் அந்தச் சங்கீதத்தை எடுத்து, கிறிஸ்துவை அறிந்த சபைக்கே அதைப் பொருத்துகிறது. அந்தத் தலைமுறை தேவனுடைய இளைப்பாறுதலில் பிரவேசியாததற்கு 3:18 சொல்லும் காரணம் கீழ்ப்படியாமை, அடுத்த வசனம் சொல்லும் காரணம் அவிசுவாசம். நிருபத்தை எழுதியவர் இவற்றை இரண்டு குற்றங்களாகப் பிரிக்கவில்லை.

அன்புடன்,
அண்ணன்