அடுப்பில்லாச் சமையல்

முன்னுரை

"நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்" என்பது நம் முன்னோர் மொழி. திருவள்ளுவரும் 'மருந்து' என்று ஓர் அதிகாரமே வகுத்து, முன் உண்டது செரித்ததை அறிந்து பின் உண்பவனுக்கு மருந்து என ஒன்று வேண்டியதில்லை என்று கூறியுள்ளார். இவற்றையெல்லாம் தேர்வுத் தாளில் எழுதி நான் பலமுறை மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆனால் அதன் பொருளை உணர்ந்தது நம் பள்ளி வழிபாட்டுக் கூட்டத்தில் மயங்கி விழுந்த அன்றுதான். ஆதலின் அடுப்பில் ஏற்றாமல் உண்ணக்கூடிய எளிய உணவுகளைப் பற்றி நான் கற்றதையும், கற்ற விதத்தையும் இங்கு எழுதுகிறேன்.

நான் சொன்ன பொய்

சென்ற ஆண்டு சனவரி மாதம். நான் ஒன்பதாம் வகுப்பில் படித்துக் கொண்டிருந்தேன். காலை செபம் முடியும் நேரத்தில் கண் இருண்டது, காது அடைத்தது. விழித்தபோது நோயாளர் அறைக் கட்டிலில் கிடந்தேன். அருகில் சிஸ்டர் நின்று கொண்டிருந்தார்கள். "காலையில் என்னம்மா சாப்பிட்டாய்?" என்று கேட்டார்கள். "இட்லி" என்றேன்.

அது பொய். என் அம்மா நூற்பாலையில் வேலை செய்கிறார்கள். முதல் ஷிப்டுக்காகக் காலை ஐந்து மணிக்கே வீட்டை விட்டுப் புறப்பட்டு விடுவார்கள். அப்பாவுக்கு வெளியூரில் வேலை. ஆச்சிக்கோ கண் பார்வை மங்கல். அடுப்படிக்கு வர அம்மா விடுவதில்லை. ஆகவே ஒரு டம்ளர் தேநீரும் இரண்டு ரொட்டித் துண்டும்தான் என் காலை உணவு. "எங்கள் வீட்டில் காலையில் சமையல் இல்லை" என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

துடைக்கக் கைக்குட்டை தேடிய சிஸ்டர் என் பையைத் திறந்தபோது இன்னொன்றும் வெளிப்பட்டது. வாரந்தோறும் பள்ளியில் தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரைகளுள் ஆறு, என் பென்சில் பெட்டிக்குள் கிடந்தன. குமட்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒளித்து வைத்திருந்தேன். நான் அழுதுவிட்டேன். சிஸ்டர் திட்டவில்லை. "என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம், உன் உடம்பிடம் கேள்" என்று மட்டும் சொன்னார்கள்.

மருத்துவர் இரத்தத்தைச் சோதித்தார். ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 12 கிராமாவது இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் எனக்கு 9.2 கிராமே இருந்தது. நாள்தோறும் உண்ண மாத்திரை எழுதிக் கொடுத்தார். "மாத்திரையை எதோடு விழுங்குவாய்?" என்று கேட்டார். "தேநீரோடு" என்றேன். அவர் தலையில் கை வைத்துக் கொண்டார்!

இரும்பின் நண்பனும் பகைவனும்

இது என் ஒருத்தியின் கதையன்று. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 19 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 100க்கு 59 பேருக்கு இரத்தசோகை உள்ளது. அதே வயது ஆண்களில் 100க்கு 31 பேருக்கே உள்ளது. நாற்பது மாணவியர் அமர்ந்திருக்கும் ஒரு வகுப்பறையை எண்ணிப் பாருங்கள். இந்தக் கணக்குப்படி அவர்களுள் ஏறக்குறைய 24 பேர் சோர்ந்த இரத்தத்தோடு பாடம் கேட்கிறார்கள். வளரும் வயதில் இரும்புச்சத்தின் தேவை அதிகம். மாதந்தோறும் நமக்கு இரத்த இழப்பும் உண்டு. காலையில் பட்டினி கிடந்தால் என்ன ஆகும்?

இரத்தத்தின் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின்தான் நுரையீரலிலிருந்து உயிர்வளியைச் சுமந்து உடலெங்கும் கொண்டு செல்கிறது. அதனை ஆக்க இரும்பு வேண்டும். பயறு, கீரை, எள் முதலியவற்றில் இரும்பு இருக்கிறது. ஆனால் தாவர உணவிலுள்ள இரும்பு எளிதில் உடலில் சேராது. அது பெரும்பாலும் ஃபெர்ரிக் நிலையில் உள்ளது. அதனை ஃபெர்ரஸ் நிலைக்கு மாற்றிக் குடல் ஏற்கும்படி செய்வது வைட்டமின் 'சி'. ஆகவே இரும்புக்கு உற்ற நண்பன் வைட்டமின் 'சி'. பகைவன் யார்? தேநீரிலும் காப்பியிலும் உள்ள துவர்ப்புப் பொருள்களே. அவை இரும்பைப் பற்றிக் கொண்டு உடலில் சேரவிடாமல் தடுக்கின்றன. நான் ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறித்துக் கொண்டிருந்தேன்!

இந்த வைட்டமின் 'சி' வெப்பத்தில் அழியும், நீரில் கரையும். ஆதலால் கொதிக்க வைத்து நீரை வடித்துக் கொட்டினால் பெரும்பகுதி போய்விடும். பழங்களையும் சில காய்களையும் பச்சையாக உண்ண வேண்டும் என்பதற்கு இதுவே தலையாய காரணம்.

இதனை உலகம் அறிந்த வரலாறு சுவையானது. 1747ஆம் ஆண்டு 'சாலிஸ்பரி' என்ற ஆங்கிலேயக் கப்பலில் ஈறு வீங்கி இரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் பரவியது. ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் 12 நோயாளிகளை இருவர் இருவராகப் பிரித்து, ஆறு வகையான மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைவில் தேறினர். இருந்தும் ஆங்கிலக் கடற்படை எலுமிச்சைச் சாறு வழங்க 1795 வரை ஆயிற்று. அப்பழங்களில் மறைந்திருந்த பொருளைப் பிரித்தறிந்த ஹங்கேரி நாட்டு சென்ட்-ஜியார்ஜி 1937இல் நோபல் பரிசு பெற்றார்.

நம் நாட்டு உணவு ஆராய்ச்சியோ நம் மாநிலத்திலேயே பிறந்தது. 1918இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் இராபர்ட் மக்காரிசன் தொடங்கிய ஆய்வுக்கூடமே 1958இல் ஐதராபாத்துக்குச் சென்று, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. அந்நிறுவனத்தின் அட்டவணைப்படி 100 கிராம் கொய்யாப்பழத்தில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் 'சி' உண்டு. ஆரஞ்சுப் பழத்தைவிட இது பல மடங்கு. நம் வீட்டுக் கொல்லையில் காகம் கொத்திப் போடும் கொய்யாவை விட்டுவிட்டு, விலை உயர்ந்த பழத்தைத் தேடி ஓடுகிறோமே!

எங்கள் வீட்டுச் செய்முறைகள்

"அடுப்பு பத்தவைக்காட்டி என்னட்டி? பசியாற வழி இல்லையா?" என்று ஆச்சி சொன்னார்கள். ஆச்சி வாயால் சொல்ல, நான் கையால் செய்து கற்றவை இவை. ஒவ்வொன்றும் காலையில் பத்து நிமிட வேலைதான்.

1. முளைப்பயறுக் கலவை: அரைக் கிண்ணம் சிறுபயற்றை (பாசிப்பயறு) காலையில் ஊற வைக்கவும். மாலையில் நீரை வடித்து, நன்கு அலசி, ஈரத்துணியில் கட்டி வைக்கவும். மறுநாள் காலை வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். மீண்டும் அலசிக் கொள்ளவும். துருவிய காரட், தேங்காய்ப்பூ, பொடியாக அரிந்த சின்ன வெங்காயம், மல்லித்தழை, உப்புச் சேர்த்து, கடைசியில் அரை எலுமிச்சம்பழம் பிழியவும். உலர்ந்த பயற்றில் இல்லாத வைட்டமின் 'சி' முளைக்கும்போது உண்டாகிறது. இரும்பைக் கட்டிப்போடும் ஃபைட்டேட் என்ற பொருளும் குறைகிறது.

2. கோசுமல்லி: பாசிப்பருப்பை ஒரு மணி நேரம் ஊற வைத்து வடிக்கவும். வெள்ளரிப்பிஞ்சு, மாங்காய், இஞ்சி, பச்சை மிளகாய், மல்லித்தழை ஆகியவற்றைப் பொடியாக அரிந்து, உப்பும் எலுமிச்சைச் சாறும் கலக்கவும். நம் இந்துத் தோழியர் வீடுகளில் இராமநவமியன்று பானகத்தோடும் நீர்மோரோடும் தரும் வடைபருப்பு இதுவே. உண்ணும் நேரத்தில்தான் உப்பிட வேண்டும். இல்லாவிடில் நீர்விட்டுப் போகும்.

3. கருப்பட்டி அவல்: சிவப்பு அவலை இருமுறை கழுவி, அது மூழ்கும் அளவு நீரில் பத்து நிமிடம் வைக்கவும். மெத்தென்று ஆனதும் பொடித்த கருப்பட்டி, தேங்காய்ப்பூ, நறுக்கிய வாழைப்பழம் சேர்த்துப் பிசறவும். இதனோடு ஒரு கொய்யாப்பழத்தைக் கடித்துக் கொண்டால் காலை உணவு நிறைவு பெறும். என் தம்பி விரும்பி உண்பது இதுதான்.

4. ஊறிய நிலக்கடலை: ஒரு கைப்பிடி பச்சை நிலக்கடலையை இரவில் ஊற வைத்து, காலையில் வடித்து, சிறு துண்டு வெல்லத்தோடு மென்று தின்னவும். பூஞ்சை பிடித்த கடலையையும், சுருங்கிக் கசக்கும் கடலையையும் எறிந்து விடுங்கள். அப்பூஞ்சையின் நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும்.

5. நெல்லிச்சாறு: இரண்டு பெரிய நெல்லிக்காயைக் கொட்டை நீக்கி, சிறு துண்டு இஞ்சியோடு அரைத்து, ஒரு டம்ளர் நீரில் கரைத்து வடிகட்டி, சிட்டிகை உப்பிடவும். தேநீர் இருந்த இடத்தில் இதனை வைத்தேன்.

உண்மையைச் சொன்னால், தேநீரை விடுவதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. அந்தத் தவக்காலத்தில் காலைத் தேநீரை ஒறுத்து விடுவதாக முடிவு செய்தேன். முதல் வாரம் தலைவலித்தது. நாற்பது நாள் கழித்துப் பாஸ்கா நாளில் ஆச்சி அன்போடு தேநீர் ஆற்றித் தந்தார்கள். குடித்தேன். ஆனால் உணவு உண்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் குடித்தேன்! இன்றும் அப்படியே.

எச்சரிக்கை

'பச்சையாக உண்பதே உயர்ந்தது. வேக வைத்ததெல்லாம் சத்தற்றது' என்று சிலர் கூறுவர். நானும் ஆர்வத்தில் ஒரு வாரம் அப்படித்தான் பேசித் திரிந்தேன். எங்கள் அறிவியல் ஆசிரியை என் தவற்றைத் திருத்தினார்கள். மரவள்ளிக் கிழங்கைப் பச்சையாகத் தின்றால் சயனைடு நஞ்சு உண்டாகும். ராஜ்மா பயற்றை நன்றாகக் கொதிக்க வைக்காவிட்டால் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஏற்படும். பாலைக் காய்ச்சியே பருக வேண்டும். முட்டையை வேக வைத்தே உண்ண வேண்டும். காரட்டை எண்ணெய் சேர்த்து வதக்கினால் அதிலுள்ள வைட்டமின் 'ஏ'யின் மூலப்பொருள் உடலில் நன்றாகச் சேரும். எனவே அடுப்பும் நமக்கு நண்பனே.

பீட்ரூட் சிவப்பாக இருப்பதால் அது இரத்தமாக மாறும் என்று ஆச்சி உறுதியாக நம்பினார்கள். நிறம் வேறு, சத்து வேறு. அதன் சிவப்பு ஒரு சாயப்பொருள், இரும்பன்று. பீட்ரூட் நல்ல காய்தான். ஆனால் இரும்புக்குப் பயற்றையும் கீரையையும் நாடுவதே அறிவுடைமை.

தூய்மை மிக மிக முக்கியம். முளை வளரும் ஈரச்சூடு கிருமி வளரவும் ஏற்றது. 2011இல் ஜெர்மனி நாட்டில் கிருமி கலந்த வெந்தய முளைகளை உண்டு ஆயிரக்கணக்கானோர் நோயுற்றனர். 50க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆதலால் நல்ல நீரில் பலமுறை அலசுங்கள். துணியை நாள்தோறும் கொதிநீரில் இட்டுக் காய வையுங்கள். வழவழப்போ நாற்றமோ இருந்தால் கொட்டி விடுங்கள். சிறு குழந்தைகளும் முதியோரும் கருவுற்ற தாய்மாரும் முளைப்பயற்றை வேக வைத்தே உண்ண வேண்டும். எங்கள் வீட்டில் ஆச்சிக்கும் தம்பிக்கும் அம்மா முந்தின இரவே அவர்கள் பங்கை அவித்து வைத்து விடுவார்கள். சமைப்பதற்கு முன்னும் உண்பதற்கு முன்னும் சோப்பிட்டுக் கை கழுவுங்கள். மண்ணில் வாழும் கொக்கிப்புழு வெறுங்கால் வழியே புகுந்து குடலில் இரத்தத்தை உறிஞ்சும். எனவே செருப்பணியுங்கள். பள்ளியில் தரும் பூச்சி மாத்திரையையும் தவறாமல் உண்ணுங்கள்.

முடிவுரை

மூன்று மாதம் கழித்து, ஏப்ரலில் மீண்டும் இரத்தச் சோதனை செய்தோம். 11.6! மருத்துவர் தந்த மாத்திரைதான் இதற்கு முதற்காரணம். உணவு மட்டுமே என்னைக் குணப்படுத்தியது என்று சொன்னால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும். ஆனால் மாத்திரை தன் வேலையைச் செய்ய வழிவிட்டது, நான் உண்ட கொய்யாவும் நெல்லியும், நான் தள்ளி வைத்த தேநீரும்.

பெற்றோர்களே, விடியுமுன் வேலைக்குச் செல்லும் தாய்மாரைக் குறை கூறாதீர்கள். இரவில் ஒரு கிண்ணம் பயறோ கடலையோ ஊறப்போடுவது வீட்டில் யாரும் செய்யக்கூடிய வேலை. தந்தையரும் அண்ணன்மாரும் கூடச் செய்யலாம். அன்புத் தோழியரே, உங்களுள் யாரேனும் இன்று காலை வெறும் வயிற்றோடு வந்திருந்தால், என்னைப் போல "இட்லி" என்று சொல்லாதீர்கள். உண்மையைச் சொல்லுங்கள். உங்கள் பென்சில் பெட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். என் பையில் இப்போது நாள்தோறும் இரண்டு கொய்யாப்பழங்கள் இருக்கின்றன. ஒன்று எனக்கு, மற்றொன்று கேட்பவருக்கு.

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி