டெலஸ்கோப்புக்கு கேமரா வாங்கப் போகிறீர்களா?

செங்கல்பட்டு, மாமல்லபுரம் பகுதியில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. இங்கு அட்சரேகை சுமார் 12.7 டிகிரி என்பதால், வியாழன் தெற்கு வடக்குக் கோட்டைக் கடக்கும்போது எந்த ஆண்டிலும் 50 டிகிரிக்கு மேலேயே இருக்கும். லண்டனில் சில ஆண்டுகளில் 15 டிகிரிதான். உயரத்தில் இருந்தால் காற்றின் நடுக்கம் குறைவு.

டெலஸ்கோப் வாங்கியவுடன் பலரும் 24 மெகா பிக்ஸல் கேமராவைத் தேடுகிறார்கள். வீண் செலவு. 1200 மி.மீ. குவியத் தூரத்தில் வியாழனின் பிம்பம் சென்சாரில் கால் மில்லிமீட்டர்தான் விழும். மீதி பிக்ஸல்கள் இருட்டைப் படம் பிடிக்கும்!

தேவை வேகம். ஐபீஸ் இருக்கும் இடத்தில் கேமராவைப் பொருத்தி, வீடியோவாக ஆயிரக்கணக்கான ஃபிரேம்களை எடுத்திட வேண்டும். ஆட்டோஸ்டாக்கர்ட் என்ற இலவச புரோகிராம், தெளிவான ஃபிரேம்களை மட்டும் பொறுக்கி ஒன்றாக அடுக்கித் தரும். இதற்கு 3 மைக்ரான் அளவு பிக்ஸல் கொண்ட, சிறிய சென்சார் உள்ள பிளானட்டரி கேமரா போதும்.

வாங்கும் முன் உங்கள் லேப்டாப்பைப் பாருங்கள். 640க்கு 480 அளவில், 8 பிட்டில், நொடிக்கு 100 ஃபிரேம் என்றால் சுமார் 30 எம்பி. ஒரு நிமிடத்திற்கு 1.8 ஜிபி. யு.எஸ்.பி. 2.0 இதற்கே திணறும். யு.எஸ்.பி. 3.0 போர்ட்டும் எஸ்.எஸ்.டி.யும் அவசியம். போர்ட்டின் உள்ளே நீல நிறம் தெரிந்தால் அது பெரும்பாலும் 3.0 தான்.

கடற்கரையில் படமெடுத்தால், முடித்தவுடன் கேமராவை சிலிகா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வைத்திடுங்கள். உப்புக் காற்று கனெக்டர்களை அரித்துவிடும்.