வயதான விவசாயிகள் வண்டி ஓட்டுவதை எப்போது நிறுத்தலாம்?

காரைக்குடி வட்டாரத்தில் வலையபட்டி போன்ற கிராமங்களில் இன்று வயல் வேலைகளைக் கவனிப்போரில் பலர் அறுபதைக் கடந்தவர்கள். பிள்ளைகள் சிங்கப்பூரிலோ, சென்னையிலோ, திருப்பூரிலோ வேலை பார்க்கின்றனர். கண்மாய்ப் பாசன நெல்லையும் மானாவாரிப் பயிரையும் பெரியவர்களே பார்த்து வருகின்றனர். உழவுக்கு டிராக்டர், உரம் வாங்கவும் வங்கிக்குப் போகவும் மொபெட் என்று வண்டியில்லாமல் இவர்களுக்கு ஒரு நாளும் நகர்வதில்லை.

மாட்டு வண்டிக் காலத்தில் இந்தத் தலைப்புக்கு அவசியம் ஏற்பட்டதில்லை. சந்தையிலிருந்து திரும்பும் வழியில் வண்டிக்காரர் கண்ணயர்ந்தாலும், பழகிய மாடுகள் பள்ளத்தை விலக்கி, எதிர்வரும் வண்டிக்கு ஒதுங்கி, வீடு வந்து சேர்ந்துவிடும். ஓட்டுபவரின் கண் மங்கினால் மாட்டின் கண் துணையிருந்தது. டிராக்டருக்கும் மொபெட்டுக்கும் ஓட்டுபவரின் கண்ணைத் தவிர வேறு கண் இல்லை. எனவே வண்டி ஓட்டுவதை எப்போது குறைப்பது, எப்போது நிறுத்துவது என்பதை ஒவ்வொரு குடும்பமும் முன்கூட்டியே யோசித்து வைப்பது நல்லது.

வயது மட்டும் அளவுகோலா?

சொந்த உபயோகத்துக்கு வண்டி ஓட்டுவோருக்கு நமது மோட்டார் வாகனச் சட்டம் உச்ச வயது எதையும் விதிக்கவில்லை. 2019-ல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 55 வயதுக்கு மேல் லைசென்ஸ் ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே வழங்கப்படுகிறது. நாற்பது வயதைக் கடந்தவர்கள் புதுப்பிக்கும்போது டாக்டரின் சான்று வேண்டும். காலாவதியாகி ஓராண்டுக்கு மேல் விட்டுவிட்டால் மறுபடியும் ஓட்டிக் காட்ட வேண்டியிருக்கும்.

ஆனால் ஐந்து ஆண்டுகளில் உடலில் எவ்வளவோ மாறிவிடும். 110 நாள் நெல் ரகம் என்றாலும் நாம் நாளை மட்டும் எண்ணி அரிவாளை எடுப்பதில்லை. கதிர் பழுத்த பக்குவத்தைப் பார்த்தே அறுவடையை முடிவு செய்கிறோம். வண்டி ஓட்டுவதை நிறுத்துவதும் அப்படியே. எழுபத்தைந்திலும் தெளிவாக ஓட்டுவோர் உண்டு. அறுபதிலேயே நிறுத்த வேண்டியவர்களும் உண்டு. பார்க்க வேண்டியது அறிகுறிகளை.

உடலில் ஏற்படும் மாற்றங்கள்

கண்: வயது ஏற ஏறக் கண்மணியின் துவாரம் சிறுக்கிறது. இருபது வயதில் விழித்திரையை அடைந்த வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதில் அடைகிறது. எதிரே வரும் லாரியின் விளக்கொளியால் கண் கூசினால், பார்வை திரும்ப அதிக நேரம் பிடிக்கிறது. கண்புரை உள்ளவர்களுக்கு விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். கண் அழுத்த நோய் வலியே இல்லாமல் பக்கவாட்டுப் பார்வையைக் குறைக்கும். சந்திலிருந்து ஓடிவரும் குழந்தையும் ஆடும் பக்கவாட்டுப் பார்வையில்தான் முதலில் தெரியவேண்டும்.

சுதாரிக்கும் நேரம்: மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் மொபெட் ஒரு விநாடியில் 11 மீட்டர் ஓடிவிடும். பிரேக்கைப் பிடிக்க ஒரு விநாடி தாமதித்தால் அந்த 11 மீட்டரும் கை மீறிப்போனதே.

கழுத்தும் முழங்காலும்: கழுத்து திரும்பாவிட்டால் பின்னால் இருப்பது தெரியாது. முழங்கால் வலியிருந்தால் டிராக்டரின் கிளட்சை அவசரத்தில் முழுவதும் மிதிக்க இயலாது.

நோயும் மருந்தும்: சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு, சாப்பிடாமல் விடியற்காலையில் வயலுக்குக் கிளம்புவது மிகவும் ஆபத்து. சில மருந்துகளால் சர்க்கரை திடீரென இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, நினைவு தடுமாறும். சளி, அரிப்பு, தூக்கம் ஆகியவற்றுக்கான சில மருந்துகள் பகலிலும் மயக்கம் தரும். வண்டி ஓட்டுவதை டாக்டரிடம் சொல்லிக் கேட்டுக்கொள்ளவும்.

டிராக்டரில் கூடுதல் எச்சரிக்கை

டிராக்டர் மெதுவாகத்தானே போகிறது என்று நினைப்பது தவறு. உயரமான வண்டியாதலால் வரப்பு ஓரத்திலும் கண்மாய்க் கரைச் சரிவிலும் எளிதில் கவிழும். திருத்திப் பிடிக்கக் கிடைப்பது ஒரு விநாடிக்கும் குறைவு. வயலில் திரும்புவதற்காக இடது, வலது சக்கரங்களுக்குத் தனித்தனி பிரேக் இருக்கிறது. சாலையில் ஏறும் முன் அவ்விரு பெடல்களையும் இணைக்க வேண்டும். அதை மறந்து ஒரு பெடலை மட்டும் மிதித்தால், பாரம் ஏற்றிய டிரெய்லர் டிராக்டரைப் புரட்டிவிடக்கூடும். இதை அடிக்கடி மறக்கிறோம் என்றால் அதுவே ஓர் அறிகுறி. பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது விநாடிக்கு 9 சுற்று சுற்றுகிறது. வேட்டி நுனி சிக்கினால் விடுவிக்க நேரமிராது. பேரப்பிள்ளையை மட்கார்டில் உட்காரவைத்து ஓட்டுவது எந்த வயதிலும் கூடாது.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை

லைசென்ஸ் படிவத்தில் அரசே சில கேள்விகளைக் கேட்கிறது. நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்திலுள்ள வண்டியின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா? சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிகின்றனவா? மாலைக்கண் உண்டா? ஹாரன் சத்தம் கேட்கிறதா? வலிப்போ தலைச்சுற்றலோ உண்டா? 25 மீட்டர் என்பது ஏறக்குறைய 33 எட்டு. தெருவில் ஒரு வண்டியை நிறுத்தி, 33 எட்டுத் தள்ளி நின்று படித்துப் பார்க்கலாம்.

அத்துடன் கடந்த ஆறு மாதங்களை நினைத்துப் பார்க்கவும்.

1. கேட், வரப்பு, திண்ணை ஆகியவற்றில் வண்டி உரசியதா?
2. பழகிய பாதையில் திருப்பம் மறந்ததா?
3. பிரேக்குக்குப் பதில் வேறு பெடலில் கால் போனதா?
4. பக்கத்தில் வண்டி வந்த பிறகுதான் தெரிந்ததா?
5. மற்றவர்கள் அடிக்கடி ஹாரன் அடித்து எச்சரிக்கிறார்களா?
6. உங்கள் பின்னால் உட்காரப் பிள்ளைகள் தயங்குகிறார்களா?

ஒன்றுக்கு "ஆம்" என்றால் டாக்டரைப் பார்க்கவும். இரண்டு, மூன்றுக்கு "ஆம்" என்றால் பரிசோதனை முடியும்வரை வண்டியைத் தொட வேண்டாம். கண்புரை என்றால் அறுவைச் சிகிச்சைக்குப் பின் டாக்டர் சம்மதித்தால் மறுபடியும் ஓட்டலாம். ஆகவே பரிசோதனைக்குப் போவது வண்டியைப் பறிகொடுப்பதற்கு அல்ல. சிலருக்கு அது இன்னும் சில ஆண்டுகள் ஓட்ட வழி செய்யும்.

படிப்படியாகக் குறைக்கும் முறை

கறவை மாட்டைப் பால் வற்றச் செய்வதுபோல இதையும் படிப்படியாகச் செய்யலாம். முதலில் இரவிலும் மழையிலும் ஓட்டுவதை விடவும். அடுத்து, காரைக்குடி போன்ற நெரிசலான ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் ஓட்டுவதை விடவும். மூன்றாவதாக, பின்னால் ஆளை ஏற்றுவதையும் டிரெய்லரில் பாரம் இழுப்பதையும் நிறுத்தவும். கடைசியாகச் சாவியை ஒப்படைக்கவும். ஆனால் மயக்கம், வலிப்பு, திடீர்ப் பார்வைக் குறைவு, பெடல் தடுமாற்றம் ஆகியவை ஏற்பட்டால் படி எதுவும் பார்க்காமல் அன்றே நிறுத்த வேண்டும்.

வீட்டார் எப்படிப் பேசுவது?

சாவியை ஒளித்து வைப்பதும், பலர் முன்னால் "உங்களுக்குக் கண்ணு தெரியல" என்று சொல்வதும் பெரியவரின் மனத்தைப் புண்படுத்தும். வீம்புக்காகவே அவர் வண்டியை எடுப்பார். தனியாக உட்கார்ந்து, "அப்பா, போன வாரம் கேட்டில் வண்டி உரசிச்சே, கண் டாக்டரை ஒருதரம் பார்த்துட்டு வருவோமா? நானும் கூட வர்றேன்" என்று நடந்த ஒரு காரியத்தைச் சொல்லிக் கேட்கலாம். வெளிநாட்டிலிருக்கும் மகன் போனில் உத்தரவிடுவதைவிட, ஊருக்கு வரும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒருமுறை பயணம் செய்து பார்த்துவிட்டுப் பேசுவது மேல்.

ஜப்பானில் முதியோர் தாமாகவே லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்கும் முறை 1998 முதல் இருந்துவருகிறது. 2019 ஏப்ரலில் டோக்கியோ நகரில் 87 வயதுக்காரர் ஓட்டிய கார் மோதி, 31 வயதுத் தாயும் 3 வயது மகளும் இறந்தனர். பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை அவர் மிதித்ததாக 2021-ல் கோர்ட் தீர்ப்பளித்தது. விபத்து நடந்த அந்த ஓராண்டில் மட்டும் அந்நாட்டில் ஏறத்தாழ 6 லட்சம் பேர் தாமே லைசென்ஸைக் கொடுத்துவிட்டனர். பெரியவருக்கு நேரக்கூடிய காயம் ஒருபுறமிருக்க, சாலையில் போகும் இன்னொரு வீட்டுக் குழந்தையின் உயிரும் இதில் அடங்கியிருக்கிறது என்பதை அவர்கள் உணர்ந்தனர்.

மாற்று ஏற்பாடு செய்த பிறகே நிறுத்தவும்

வண்டியை விட்டவர் வீட்டோடு முடங்கிப்போனால் நிலமும் கெடும், மனமும் கெடும். எனவே முன்னதாகவே ஏற்பாடு தேவை. உழவுக்கு வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டரையும் கருவிகளையும் மணிக்கணக்கில் வாடகைக்குத் தருகிறது. 2018-ல் தொடங்கப்பட்ட உழவன் செயலி மூலமும் இதற்கு முன்பதிவு செய்யலாம். அல்லது நம்பிக்கையான உள்ளூர் இளைஞரை டிரைவராக அமர்த்தலாம். அவருக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று பார்ப்பது உரிமையாளரின் பொறுப்பு. உரம், விதையைப் பக்கத்து வயல்காரர்களுடன் சேர்ந்து ஒரே நடையில் தருவிக்கலாம். தபால்காரர் மூலம் ஆதார் வழியாக வீட்டு வாசலிலேயே வங்கிப் பணம் எடுக்கும் வசதியும் உண்டு.

ஸ்டியரிங்கைப் பிடிப்பவர் மாறினாலும் எந்த வயலை எப்போது உழுவது, எந்த ரகத்தை விதைப்பது, கண்மாய்த் தண்ணீர் எத்தனை நாள் வரும் என்ற அனுபவம் பெரியவரிடமே உள்ளது. அவர் வரப்பில் நின்று சொல்ல, இளையவர் ஓட்டட்டும்.

அறுவடை முடிந்து வேலை ஓய்ந்திருக்கும் மாசி, பங்குனி மாதங்கள் இதற்கு ஏற்ற சமயம். ஆண்டுதோறும் அப்போது கண், காது, சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பரிசோதித்து, மேற்கண்ட ஆறு கேள்விகளுக்கும் குடும்பத்தோடு உட்கார்ந்து விடை காணவும். விபத்து வந்து முடிவு செய்வதற்கு முன், விவசாயி தாமே முடிவு செய்வது நலம்.