தேதிகள் தெரிந்தால் வரலாற்று ஆசிரியர் ஆகிவிடலாமா?

வரலாறு மனப்பாடப் பாடம் என்ற பெயர் நம் பள்ளிகளில் ஊன்றிப்போயிருக்கிறது. அதை மாற்றக்கூடியவர் வகுப்பில் நிற்கும் ஆசிரியர்தான். அவருடைய வேலையைப் பற்றி நாம் கொண்டிருக்கும் சில நம்பிக்கைகளை முதலில் சரிபார்த்துக்கொள்வோம்.

நம்பிக்கை: பாட அறிவு இருந்தால் கற்பிப்பது தானாக வரும்.

உண்மை: பாட அறிவு இல்லாமல் முடியாது, அது மட்டுமே போதவும் போதாது. ஒரு பாடத்தில் மாணவர் எங்கே இடறுவார், எந்தச் சான்றைக் காட்டினால் விளங்கும் என்பது தனி அறிவு. அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் 1986-இல் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்.

நம்பிக்கை: முதலில் தகவல்களை மனப்பாடம் செய்யட்டும், சிந்தனை பிறகு வரும்.

உண்மை: இரண்டும் சேர்ந்தே வளர்கின்றன. 1991-இல் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் சாம் வைன்பர்க் வெளியிட்ட ஆய்வில் 8 வரலாற்றாளர்களும் 8 பள்ளி மாணவர்களும் அமெரிக்க விடுதலைப் போரின் லெக்சிங்டன் சண்டை பற்றிய ஆவணங்களை வாசித்தார்கள். எழுதியவர் யார், எப்போது, யாருக்காக எழுதினார் என்று வரலாற்றாளர்கள் துருவினார்கள். மாணவர்களோ பாடநூலைப் போல வாசித்துத் தகவல் திரட்டினார்கள். அந்தத் துருவும் பழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தால்தான் வரும்.

வேலூர்ப் புரட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1806 ஜூலை 10 என்று எழுதினால் ஒரு மதிப்பெண். ஆனால் சிப்பாய்கள் ஏன் எழுந்தார்கள்? புதிய தலைப்பாகை, சமயக் குறிகளுக்கும் தாடிக்கும் வந்த கட்டுப்பாடு ஒருபுறம். கோட்டைக்குள் காவலில் வைக்கப்பட்டிருந்த திப்பு சுல்தானின் பிள்ளைகள் மறுபுறம். அந்தக் கட்டுப்பாடுகளுக்கு ஆணையிட்ட ஆங்கிலேயத் தளபதி கிரடாக்கிற்கு எந்தக் காரணம் வசதியாக இருந்திருக்கும்? இப்படிக் கேட்டால், சான்றை எடைபோடும் வேலை மாணவர் கைக்கு வருகிறது. அந்தத் தேதியும் காரணத்தோடு சேர்ந்து மனதில் தங்குகிறது.

நம்பிக்கை: போர்ஷன் முடிக்கவே நேரமில்லை, கேள்வி கேட்டு நடத்த முடியாது.

உண்மை: நேர நெருக்கடி நிஜம். அதனால்தான் உத்தி தேவை. எல்லாப் பக்கங்களுக்கும் ஒரே அளவு நேரம் தருவது திட்டமிடல் ஆகாது. அலகின் முடிவில் மாணவர் எந்தக் கேள்விக்குச் சான்றோடு பதில் சொல்ல வேண்டும் என்று முதலில் தீர்மானித்துவிட வேண்டும். அந்தக் கேள்விக்கு உதவும் பகுதியில் நின்று நடத்தலாம், மற்றதை விரைவாகக் கடக்கலாம். காரணங்களைத் தானே வரிசைப்படுத்திப் பழகிய மாணவர், நெடுவினாவையும் தன் சொற்களில் எழுதுவார்.

நம்பிக்கை: நல்ல ஆசிரியர் பிறக்கிறார், மற்றவர்களுக்கு அனுபவமே கற்றுத்தரும்.

உண்மை: திரும்பிப் பார்க்காத அனுபவம் பழைய பாணியைத்தான் இறுக்கும். ஜப்பானில் ஆசிரியர்கள் கூடி ஒரு பாடத்தைத் திட்டமிடுகிறார்கள். ஒருவர் நடத்த, மற்றவர்கள் மாணவர்களைக் கவனிக்கிறார்கள். பிறகு எல்லோரும் பேசிப் பாடத்தைத் திருத்துகிறார்கள். குறை காண்பது அந்தப் பாடத்திட்டத்தில்தான், நடத்திய ஆசிரியரிடம் அல்ல. நம் குறுவள மையக் கூட்டங்களிலும் இதைச் செய்யலாம். அப்படிக் கூட வாய்ப்பில்லாத ஆசிரியர், வகுப்பு முடிந்ததும் மாணவர்கள் எங்கே குழம்பினார்கள் என்று இரண்டு வரி எழுதிவைத்தாலே அடுத்த ஆண்டு பாடம் மேம்படும்.

உத்தியோடு யோசிப்பது பயிற்சியால் வரும் திறன். ஆசிரியருக்கு அந்தப் பயிற்சிக்கான நேரத்தை ஒதுக்கித் தருவது பள்ளியின் கடமை.