ஆறடிச் சுவரும் எஃகுச் சட்டமும்

பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துப் பழகிய நமக்கு 16 மாடி ஒரு பொருட்டாகத் தோன்றாது. ஆயினும், அமெரிக்காவின் சிகாகோ நகருக்குச் செல்லும் வாய்ப்புக் கிடைத்தால், ஜாக்சன் சாலையும் டியர்போர்ன் தெருவும் சந்திக்கும் முனையில் உள்ள மோனட்நாக் கட்டடத்தை அவசியம் சுற்றிப் பாருங்கள். பார்வைக்கு ஒரே கட்டடம். உண்மையில் இரண்டு காலங்கள் அங்கே தோளோடு தோள் உரசி நிற்கின்றன.

வடபாதி 1891இல் கட்டி முடிக்கப்பட்டது. உயரம் ஏறக்குறைய 66 மீட்டர். அதன் வெளிச்சுவர்கள் செங்கல்லால் ஆனவை, பாரம் தாங்குபவை. செங்கற்சுவரின் கணக்கு எளிது, ஆனால் இரக்கமற்றது. மேலே ஒரு மாடி கூடினால் அதன் எடையும் கீழ்ச்சுவரின் தலையில்தான் இறங்கும். கீழ்ச்சுவர் இன்னும் தடிக்க வேண்டும். இங்கே உச்சியில் ஒன்றரை அடியாக இருக்கும் சுவர், தரைமட்டத்தில் ஆறடி! ஓர் ஆள் குறுக்கே நீட்டிப் படுக்கலாம். கடைகளுக்கு நல்ல வாடகை கிடைக்கும் தரைத்தளத்தைச் சுவரே விழுங்கிவிடுகிறது. (முழுவதும் செங்கல் என்று சிலர் எழுதுவது சரியன்று. உள்ளே இரும்புத் தூண்களும் உத்தரங்களும் உண்டு. காற்றின் உந்துதலைத் தாங்கவும் இரும்புப் பிணைப்பு உண்டு.)

அதே நகரில் 1885இலேயே உலோகச் சட்டத்தின் துணையோடு ஹோம் இன்சூரன்ஸ் கட்டடம் எழுந்துவிட்டது. பிறகு ஏன் செங்கல்? பணம் போட்ட பாஸ்டன் நகரத்து புரூக்ஸ் சகோதரர்கள் புதுமுறையை நம்பத் தயங்கினார்கள். அலங்கார வேலைப்பாடும் வேண்டாம் என்றார்கள். துருத்தல்களில் அழுக்கும் பறவைகளும் சேருமாம்! கட்டடக் கலைஞர் ஜான் வெல்போர்ன் ரூட் அந்தக் கெடுபிடியையே அழகாக்கிவிட்டார். அடியில் மெல்ல உள்வாங்கி, உச்சியில் வெளியே விரியும் வளைவு ஒன்றே அவர் தந்த அணி. வளைந்த முனைகளுக்கென்றே தனி அச்சில் செங்கல் வார்த்தார்கள். கட்டடம் முடிவதற்குள், 1891 ஜனவரியில், 41 வயதில் நிமோனியாவால் அவர் மறைந்தார்.

சிகாகோவின் அடிமண் இளகிய களிமண். எனவே, கான்கிரீட்டில் எஃகு உத்தரங்களைப் பதித்து, தெப்பம்போல் பரந்த அடித்தளம் அமைத்தனர். 8 அங்குலம் அமிழும் என்று கணக்கிட்டே கட்டினார்கள். 1940க்குள் 20 அங்குலம் அமிழ்ந்துவிட்டது. செங்கல்லின் எடை அப்படி!

இரண்டே ஆண்டில், 1893இல், ஹொலாபர்ட் - ரோச் நிறுவனத்தார் தென்பாதியை எஃகுச் சட்டத்தில் எழுப்பினர். இங்கே எலும்புக்கூடு எஃகு. சுவர் அதன் மேல் போர்த்திய தோல். ஆகவே சுவர் மெலிந்தது, உள்ளே இடம் கூடியது. இன்றைய வானளாவிகள் இந்தத் தென்பாதியின் வழித்தோன்றல்களே. அழகில் மட்டும், என் கண்ணுக்கு, வடபாதியே ஒருபடி மேல்.

இன்றும் அங்கே அலுவலகங்களும் கடைகளும் இயங்குகின்றன. தரைத்தள நடைகூடத்தின் வழியே வடக்கிலிருந்து தெற்கே நடந்து பாருங்கள். வடபாதியின் மாடிப்படிகளையும் கவனியுங்கள். அவற்றின் வேலைப்பாடு அலுமினியம். கட்டடத்தில் அந்த உலோகம் பயன்பட்ட மிகத் தொடக்ககால இடங்களுள் அதுவும் ஒன்று.