ஒரு விதிக்கு ஒரே வீடு: ஜின்ஜாவில் நிபந்தனை எழுதுதல்

கலைநிகழ்ச்சிக்கு நுழைவுச்சீட்டு விற்கும் இணையத்தளம் ஒன்றை நீங்கள் வடிவமைப்பதாக வைத்துக்கொள்வோம். 12 வயது வரையிலான பிள்ளைகளுக்கும் 60 வயதைத் தொட்டவர்களுக்கும் கட்டணம் இல்லை. இந்த நிபந்தனையை முன்பதிவுப் பக்கத்தில் எழுதுகிறீர்கள். ரசீதுக்கும் நினைவூட்டு மின்னஞ்சலுக்கும் அதையே நகலெடுத்து ஒட்டுகிறீர்கள். அடுத்த ஆண்டு, ஏற்பாட்டாளர்கள் 60ஐ 55ஆகக் குறைக்கிறார்கள். மூன்று இடங்களில் ஒன்று விடுபட்டாலும் போதும்: மின்னஞ்சலில் ‘இலவசம்’ என்று படித்த 57 வயது அம்மாவின் ரசீதில் 20 வெள்ளி நிற்கும்.

விதியை ஒரே இடத்தில் எழுதி, தேவைப்படும் பக்கங்களிலிருந்து அழைப்பதே தீர்வு. பைத்தான் மொழியில் தளம் கட்டுவோர் பெரிதும் நாடும் வார்ப்புரு மொழியான ஜின்ஜாவில் இதற்கு ‘மேக்ரோ’ உண்டு. (ஜின்ஜா என்பது ஜப்பானியக் கோயிலைக் குறிக்கும் சொல். ‘டெம்பிள்’, ‘டெம்ப்ளேட்’ இரண்டும் ஒலியில் நெருக்கம் என்பதால் வைத்த குறும்புப் பெயர்!) மேக்ரோக்களைத் தனிக் கோப்பில் வைத்து ‘இம்போர்ட்’ செய்யலாம். அப்படிச் செய்யும்போது பக்கத்தில் உள்ள மாறிகள் அந்தக் கோப்புக்குத் தெரியாது. ஆகவே வயதை அடைப்புக்குறிக்குள் நீங்களே கொடுத்தனுப்ப வேண்டும்.

இனிதான் பலர் இடறும் இடம். வயதைப் பார்த்து ‘ட்ரூ’ அல்லது ‘ஃபால்ஸ்’ என்று எழுதும் மேக்ரோவை ‘இஃப்’ நிபந்தனைக்குள் வைத்தால், 30 வயதுக்காரருக்கும் கட்டணம் இல்லை என்றே வரும். காரணம், மேக்ரோ திருப்பித் தருவது உண்மை, பொய் என்னும் மதிப்பை அல்ல, வெறும் எழுத்துகளை. ஓர் எழுத்தேனும் உள்ள எந்தச் சரமும் ஜின்ஜாவுக்கு உண்மைதான். ‘ஃபால்ஸ்’ என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளும் அப்படியே. ஒன்றுமே எழுதாமல் விட்டாலும், வரிகளுக்கு நடுவே உள்ள வெற்றிடம் ஓர் எழுத்தாகிவிடும். விழுக்காட்டுக் குறியை ஒட்டிக் கழித்தல் குறி இட்டு அந்த வெற்றிடத்தை நீக்கலாம். ஆனால் ஒரு கோட்டை நம்பிக் கட்டணத்தை விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இதைவிட நல்ல வழி, விதியைப் பைத்தானில் சிறு ஃபங்ஷனாக எழுதி, ஜின்ஜாவின் ‘டெஸ்ட்’ ஆகப் பதிவு செய்வது. ஃப்ளாஸ்க் கட்டமைப்பில் இதற்கு ஒரு வரி போதும். பிறகு எல்லா வார்ப்புருக்களிலும் ‘இஸ்’ என்ற சொல்லைப் போட்டு, “இந்த வயது இலவசமா?” என்று கேட்கலாம். வருவது அசல் உண்மை, பொய் மதிப்பு. பணத்தைக் கணக்கிடும் நிரலும் அதே ஃபங்ஷனை அழைத்தால், திரையில் தெரியும் தொகையும் அட்டையில் கழிக்கப்படும் தொகையும் ஒரே விதியைப் பின்பற்றும்.

மேக்ரோவைத் தோற்றத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ‘கட்டணம் இல்லை’ என்ற பச்சை முத்திரையை அது வரையட்டும். வரையலாமா என்பதை மட்டும் உள்ளே அந்த டெஸ்ட்டிடம் கேட்கட்டும்.